மாட்சிமை தங்கிய பல்லியின் பாட்டு

கீழே வருகிற கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நல்லூர்க் கந்தன் மேல் சத்தியம். அவர் தூரத்தில் இருக்கிறார் என்று யோசிப்பவர்களுக்காக, பெல்லெகிறீனோ மலைக் குகையில் படுத்திருந்து பலெர்மோ ஊரைக் காக்கிற சாந்தா றொசாலியா மேலும் சத்தியம். இன்னும் சந்தேகம் என்றால் சியாகுல்லித் தோட்டத்தில் மூன்றாம் வரிசை ஏழாம் மந்தரீன் தோடம்பழ மரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். முக்கியமான பகுதி நடந்தபோது அது அங்கேதான் நின்றது.

ஞானசேகரத்துக்கு அந்த வருசம் வைகாசியில் அறுபது வயது நிறைவதாக இருந்தது. இத்தாலியின் பலெர்மோவில் இருபத்தெட்டு வருசம். கால்சாப் பகுதியில் ஒரு கிழட்டு இத்தாலிய எசமானியம்மா, சிஞோறாவின் வீட்டில் சமையல், துப்புரவு, நாயை நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவர் பொறுப்பு. நாய் இடதுசாரி, சிஞோறா வலதுசாரி. நடுவில் நின்று சமாதானம் பண்ணுவதற்குச் சம்பளம் தனியாக இல்லை. மாசி மாதத்தில் மட்டும் சிஞோறா அவரைச் சியாகுல்லியில் இருக்கிற தன் மந்தரீன் தோட்டத்துக்குப் பழம் ஆய அனுப்பிவிடுவா. மற்ற ஊர் மந்தரீன் எல்லாம் முடிந்த பிறகு பழுக்கிற சாதி அது. பிந்திப் பிறந்த பிள்ளைபோல இனிப்புக் கூட.

கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் சீசா என்கிற பகுதியில் புனிதமலர் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா உறவில்லை. அக்காவின் தம்பி ஜெயரட்ணம்தான் நடுவில் இருந்த பாலம். பாலம் செத்துப்போனது என்பதில்தான் அந்தச் சாப்பாடே தொடங்கியது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இரண்டு பேரும் ஒரே ஏஜென்சிக்காரனின் கையில், ஒரே கூட்டமாக, உக்ரேன் பக்கத்துக் காட்டால் எல்லை கடக்க வந்தார்கள். இடுப்பளவு பனி. அக்கா அதற்கு முன்னமே பலெர்மோவில் வேலைசெய்துகொண்டு தம்பியைக் கூப்பிட்டவ. புறப்பட்டது இரண்டு பேர், வந்து சேர்ந்தது ஒருவர். வந்தவர் அக்காவின் கதவைத் தட்டி, "ரட்ணம் என்ரை மடியிலைதான் போனவன் அக்கா. கையாலை தோண்டித் தாட்டனான்" என்றார். அக்கா ஒரு மணித்தியாலம் அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "நீ சாப்பிட்டியோ தம்பி?" என்று கேட்டா.

அந்தக் கேள்விக்கு முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம். சோறு வந்த பிறகு முடியவில்லை.

பொய்யை வளர்ப்பவர் அதற்குத் தீனியும் போடவேண்டும். முதலாம் வருசத் திவசத்தில் அவர் சொன்ன கதையில், அந்தக் காட்டில் ஓநாயே கிடையாது. ஐந்தாம் வருசம் இரண்டு வந்தன. பத்தாம் வருசம் ஏழு. பதினெட்டாம் வருசம் மூத்த ஓநாய் புதைகுழிக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தது. அக்கா அந்த இடத்தில் மூக்கைச் சிந்தி, "மிருகத்துக்கு இருக்கிற மரியாதையைப் பார்" என்று சொன்னபடியால் பிறகு அந்த ஓநாயைத் திரும்பக் காட்டுக்குள் கலைக்க அவரால் ஏலாமல் போய்விட்டது. ஒவ்வொரு மாசியும் படைத்த இலையில் முதலில் கை வைப்பவர் ஞானசேகரம். "கடைசியா அவனைத் தொட்டது நீதானே" என்று அக்கா அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தா. செத்தவனின் சோறு தொண்டையால் இறங்க அவருக்கு வருசத்துக்கு வருசம் கூடுதலாகத் தண்ணீர் தேவைப்பட்டது.

பாக்கரி வந்தது இந்த இடத்தில்தான்.

பாக்கரி மேற்கு ஆபிரிக்காவில் காம்பியாக்காரன். முப்பத்தைந்து வயது, பனை உயரம். பகலில் மந்தரீன் ஆய்வான். பின்னேரங்களில் கால்சாவில் ஒரு பாரில் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு உல்லாசப் பயணிகளுக்குக் கரீபியன் தீவுகளின் கலிப்ஸோப் பாட்டுப் பாடுவான். துறைமுகத்தில் ஒரு திரினிடாட் கப்பல் சமையல்காரன் பழக்கிவிட்டானாம். அந்தத் தொப்பியின் மடிப்புக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. ஒரு மார்கழிக் குளிருக்கு ஒதுங்கியது, பிறகு இறங்கவில்லை. பாட்டுக்கு நடுவில் பல்லி சொன்னால் அதற்குத் தனியாகக் கைதட்டு விழும். அதனால் பாக்கரிக்கு மேடைப் பெயர் 'மாட்சிமை தங்கிய பல்லி'.

"இது உங்கள் ஊர்ப் பாட்டில்லையே?" என்று ஒருநாள் ஞானசேகரம் இத்தாலியனில் கேட்டார். இரண்டு பேரும் ஒரே மரத்தின் இரண்டு பக்கத்தில் நின்று, சின்னக் கத்தரிக்கோலால் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கள் பாட்டனின் வேலைதான்" என்றான் பாக்கரி. "கடலைச் சுற்றிப் போய், பெயர் மாறி, திரும்பி வந்திருக்கிறது. எங்கள் குலத்துக்கு ஜலி என்று பெயர். அரசனுக்கு முன்னால் நின்று அவனுடைய ஏழு தலைமுறையைப் பாடுவோம். அரசனே மறந்துபோன பாட்டனை எழுப்பிக் கூட்டிவந்து சபையில் நிறுத்துவோம். பாட்டன் கள்ளன் என்றால் அதையும் பாடுவோம்."

"அதையுமா?"

"கொஞ்சம் அழகாக."

பெட்டி நிறைந்தது. பாக்கரி அடுத்த பெட்டியை இழுத்தான்.

"பிறகு எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலின் வயிற்றுக்குள் அரசன் இல்லை, பாட்டுக்காரன் இருந்தான். கரும்புத் தோட்டத்தில் போய் இறங்கினான். துரை விருந்து வைத்து, என்னைப் புகழ்ந்து பாடு என்றார். பாடினான். அந்தப் புகழுக்குள்ளேயே துரையின் தோலை உரித்தான். கரும்பு வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் துரையும் சேர்ந்து சிரித்தார். விடுதலை வந்த பிறகு கம்புச் சண்டைக்காரனுக்கு முன்னால் நடந்தான். கம்பு விழ முன்னம் எதிராளிக்கு இவனுடைய சொல் விழும். திருவிழாவில் இவன் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. கடைசியில் மூங்கில் கொட்டகைக்குள் மேடை போட்டு, ஆளுநர் இந்தக் கிழமை பண்ணின கூத்தை அடுத்த கிழமை பாட்டாக்கினான். புகழ்வதற்கு அரசன் இல்லாத ஊர். அதனால் தனக்குத்தானே பிரபு, மாட்சிமை, வல்லமை என்று பட்டம் வைத்துக்கொண்டான். நடை மாறினது, உடுப்பு மாறினது, வேலை மாறவில்லை. கூட்டம் மறந்ததைக் கூட்டத்துக்கு முன்னால் வைப்பது."

எங்கள் கூத்திலும் கட்டியகாரன் என்று ஒருவன் உண்டு, ராசா வருகிறார் என்று கூவுவதும் அவன்தான், ராசாவை நக்கலடிப்பதும் அவன்தான் என்று ஞானசேகரம் சொல்ல, பாக்கரி, "அவனும் எனக்குச் சொந்தம்தான்" என்று ஒரேயடியாக உறவு கொண்டாடிவிட்டான்.

இன்னொன்றும் சொன்னான். அவர்கள் ஊரில் ஜலி ஒரு வரி முடிக்கும்போது பக்கத்தில் ஒருவன் 'நாமு' என்பானாம். கேட்கிறேன், உண்மைதான், மேலே போ என்று அர்த்தம். அப்படிச் சொல்ல ஆளில்லாவிட்டால் பாட்டு நகராது.

"எங்கள் மொழியில் அதற்கு 'ஓம்' என்போம்" என்றார் ஞானசேகரம்.

"ஓம்" என்றான் பாக்கரி. நன்றாகத்தான் வந்தது.

அந்த மாசித் திவசத்துக்கு அடுத்த நாள், ஞானசேகரம் படையலில் மிஞ்சின வடையைப் பொதி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மத்தியானம் ஏழாம் மரத்தடியில் இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். யார் வீட்டு விருந்து என்று பாக்கரி கேட்டான். செத்த ஒருவனுடையது என்றார். பாக்கரி மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அவனைப் பற்றிச் சொல்" என்றான்.

என்ன பிடித்ததோ, ஞானசேகரம் தமிழில் தொடங்கினார். விளங்காத காதுக்குச் சொல்வது கிணற்றுக்குள் சொல்வது மாதிரித்தானே என்று ஒரு துணிவு.

"ரெண்டு பேரும் ஒரு சாக்கிலை படுத்து எழும்பி வந்தனாங்கள்."

"ஓம்."

"அவன்ரை கால் வீங்கிக் கறுத்துப் போச்சு. ஏஜென்சிக்காரன் சொன்னான், நடக்கேலாதவனை விட்டிட்டு வா எண்டு."

"ஓம்."

"நான் என்ரை கம்பளியைக்கூடக் கழட்டிக் குடுக்கேல்லை."

"ஓம்."

"உயிரோடைதான் இருந்தவன். மரத்திலை சாய்ஞ்சுகொண்டு, 'அண்ணை, திரும்பி வருவியள்தானே' எண்டு கேட்டான்."

"ஓம்" என்றான் பாக்கரி.

ஞானசேகரம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் அவர் சொன்னதும் அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்ததுதான் உண்மை. மடியும் இல்லை, குழியும் இல்லை, ஓநாயும் இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று பின்னேரம் பஸ்ஸில் நின்றபடியே நித்திரை கொண்டு, இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் இறங்கினார். அவ்வளவு இலேசாக இருந்தது.

அந்த இலேசு சித்திரை வரைக்கும்தான்.

"மாமா, உங்கடை அறுபதுக்கு ஒரு சொர்ப்ரேசா இருக்கு" என்றாள் ஜெனனி. புனிதமலர் அக்காவின் மகள், இருபத்தாறு வயது, வாய் நிற்காது.

"சொல்லிப்போட்டால் அது சொர்ப்ரேசா இல்லைப் பிள்ளை."

"உங்களோடை தோட்டத்திலை வேலை செய்யிற பாக்கரி இருக்கிறானெல்லே? அவன் பாட வாறான். உங்களைப் பற்றித்தான் பாட்டு. அவனுக்கு உங்கடை கதை முழுக்கத் தெரியுமாம் மாமா!"

ஞானசேகரத்தின் கையில் இருந்த தேத்தண்ணி கட்டியிருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது. சூடு பிறகுதான் தெரிந்தது.

பாக்கரி தமிழ் படித்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவனுடைய அறை சீசாவில் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. வாசலில் காலையும் மத்தியானமும் நிற்கிற தமிழ் அம்மாமாரின் கதையைக் காதில் வாங்கி நாற்பது நாளில் முழுத் தமிழும் படித்துவிட்டான், வெண்பா தவிர. முதலில் பிடிபட்ட வசனம், "பிள்ளையை விட்டிட்டு வந்தனான்." அந்த வாசலில் எல்லா அம்மாமாரும் அதைத்தான் சொன்னார்கள். அதனால் ஒருவனை விட்டிட்டு வருவது என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டு வருவது, தமிழில் அதைவிட அன்பான காரியம் கிடையாது என்று அவனுடைய எண்ணம்.

ஞானசேகரம் ஒரு கிலோ மந்தரீனோடு பாருக்கு ஓடினார். பாக்கரி தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைப் பற்றி என்ன பாடப் போகிறாய்?" இத்தாலியனில்தான் கேட்டார்.

"மரத்தடியில் நீ தந்ததை. எங்கள் குலத்தில் காதில் விழுந்தது தொலையாது."

அதற்கு மேல் இத்தாலியனில் கேட்க அவருக்குப் பயம் வந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று தமிழுக்கு மாறினார்.

"உனக்குத் தமிழ் விளங்குமோ?"

"ஓம்."

"நான் அண்டைக்குச் சொன்னது முழுக்க விளங்கினதோ?"

"ஓம்."

"ஆருக்கும் சொல்லமாட்டியெண்டு நினைச்சன். எல்லாருக்கும் முன்னாலை பாடப்போறியோ?"

"ஓம்!" என்று பாக்கரி சிரித்து, ஒரு மந்தரீனை உரித்து அவருக்கே பாதி கொடுத்தான். ஞானசேகரம் வீட்டுக்குப் போய்க் குசினியில் குந்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தார். "எனக்குப் பாட்டும் கூத்தும் ஒத்துவராதக்கா. பிறசரும் இருக்கு. ஒரு பாயாசத்தோடை முடிப்பம்."

அக்கா சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாலை போட்டிருந்த ஜெயரட்ணத்தின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தா. படத்துக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு பல்ப், இருபத்தெட்டு வருசமாக அணையாமல். "ரட்ணத்துக்குச் செய்யக் கிடைக்காததை உனக்கெண்டாலும் செய்யிறன். நீ வாயை மூடிக்கொண்டு வந்து கதிரையிலை இரு" என்றா.

அந்த நாள் வந்தது. சீசாவில் அக்காவின் வீட்டு மொட்டை மாடி, ஞாயிறு மத்தியானம், முப்பது நாற்பது சனம். ஞானசேகரம் பட்டு வேட்டியோடு நடுக்கதிரையில் இருந்தார். வியர்வையில் திருநீறு மூக்கால் வடிந்தது. பாக்கரி வெள்ளைச் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக மாடிப்படியால் ஏறி வர, ஜெனனி கூட்டத்துக்குப் பழக்கினாள். அவன் ஒவ்வொரு வரி முடிக்கவும் எல்லாரும் கைதட்டி 'ஓம்' சொல்ல வேண்டும். சின்னன்கள் அதை முன்கூட்டியே தொடங்கிவிட்டன.

பாக்கரி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பச்சைத் தமிழில்தான் பாடினான். ஒரு சொல் பிசகவில்லை.

"ஞானசேகரம் வாறான், முருகேசற்ரை மகன் வாறான்!"

"ஓம்!"

"பனியிலை நடந்து வாறான், பதினெட்டு நாள் நடந்து வாறான்!"

"ஓம்!"

"ரெண்டு பேராய் வெளிக்கிட்டு, ஒராளாய் வாறான்!"

"ஓம்!"

"வருவியளோ எண்டு கேட்ட தம்பியைக் காட்டுக்குள்ளை விட்டிட்டு வாறான்!"

"ஓம்!" என்றது கூட்டம்.

ஞானசேகரம் கதிரையில் நிமிர்ந்தார். சுற்றிப் பார்த்தார். ஒருவரின் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு தட்டினார்கள். எங்கள் சனம் அப்படித்தான், தலையில் இடி விழுந்தாலும் கையில் இருக்கிற வடையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கும். துரை சிரித்த கதை அவருக்கு ஞாபகம் வந்தது. புகழுகிறானோ, உரிக்கிறானோ?

அப்போது தொப்பிக்குள் இருந்த பல்லி சொன்னது. ச்சு, ச்சு, ச்சு.

புனிதமலர் அக்கா பழக்கதோசத்தில் மேசையில் விரலால் மூன்று தரம் தட்டி, "உண்மை, உண்மை" என்றா.

ஞானசேகரம் எழும்பினார். வேட்டி தடுக்கியது.

"அக்கா, அவன் பாடினது சரி. நான் ரட்ணத்தை விட்டிட்டு வந்தனான். புதைக்கேல்லை. மடியிலை சாகேல்லை. ஓநாய் ஒண்டும் வரேல்லை."

கைதட்டு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஒரு சின்னப் பெட்டை மட்டும் தனியாக 'ஓம்' என்றாள். தாய் அவளுடைய வாயைப் பொத்தினாள்.

அக்கா கிட்ட வந்தா. அடிப்பா என்று ஞானசேகரம் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அடித்திருந்தால் அவருக்கு நல்லது.

"எங்கை விட்டனி?"

"காட்டுக்குள்ளை."

"ஆரிட்டை விட்டனி?"

அவருக்குச் சில வினாடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாவின் கேள்வி அது.

"ஒருத்தரிட்டையும் இல்லை அக்கா. மரத்தடியிலை."

"உயிரோடை விட்டனியோ?"

"ஓம்."

"மூச்சு இருந்ததோ? கதைச்சவனோ?"

"ஓம் அக்கா."

"பொய் சொன்னதுக்கு உன்னை என்ன செய்யிறதெண்டு பிறகு பாப்பம்" என்றா அக்கா. கண் மட்டும் பளபளவென்று, அவர் ஒருநாளும் காணாத மாதிரி. "அப்ப அவன் செத்ததை நீ காணேல்லை."

"அக்கா, அந்தக் குளிருக்கை..."

"கண்டியோ, இல்லையோ?"

"இல்லை."

அக்கா உள்ளே போனா. சனம் மெல்ல மெல்லப் படியிறங்கியது. ஞானசேகரம் பின்னால் போய்ப் பார்த்தபோது அக்கா கதிரையில் ஏறி நின்று, ஜெயரட்ணத்தின் படத்தில் இருந்த மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தா. "இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு வைச்சிருந்திருக்கிறன், பாவி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. பிறகு சிவப்பு பல்பைக் கழற்றினா. சூடான பல்பு. சேலைத் தலைப்பால் பிடித்தா.

"அக்கா, இருபத்தெட்டு வருசம். வந்திருந்தால் வந்திருப்பான்."

"உன்ரை கதையை நம்பி இஞ்சை ஒருத்தரும் அவனைத் தேடேல்லை. தேடாமல் எப்பிடி வருவான்?"

பொய் இருந்த வரைக்கும் அக்காவுக்கு அழுவதற்கு ஒரு தேதியாவது இருந்தது. அதையும் தான் எடுத்துவிட்டதாக அவருக்குப் பட்டது.

அடுத்த மாசி வந்தது. திவசம் நடக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. வராமல் விட ஞானசேகரம் ஒருமுறை பார்த்தார். அக்கா பஸ் பிடித்துக் கால்சாவுக்கே வந்து, சிஞோறாவின் நாய் குரைக்கக் குரைக்க, அவரைக் கூட்டிக்கொண்டு போனா. இப்போது மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை. ஒன்று அக்காவுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று அவருக்கு நேர் எதிரே. அதில் சோறு போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருப்பா, பிந்தி வருகிறவனுக்கு வைக்கிற மாதிரி. தெருவில் கார்க்கதவு சாத்தினால் அக்கா சாப்பிடுகிற கையை நிறுத்துவா. பிறகு, ஒவ்வொரு ஞாயிறும், குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பா:

"வருவான்தானே தம்பி?"

ஞானசேகரம் மூடின கோப்பையைப் பார்ப்பார். தண்ணீரைக் குடிப்பார்.

"ஓம்" என்பார்.

மாடியில் அந்தப் பாட்டைத் தமிழில் கேட்டது ஞானசேகரத்தின் காது மட்டும்தான். பாக்கரிக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, தமிழில் தெரிந்தது அந்த ஒரே ஒரு சொல்தான்.